காய்ச்சலும் கலங்கிய சித்தமும்

நமது முன்னோர் வழங்கிய சொற்களுள் 'சன்னி' என்பது ஒன்று. காய்ச்சல் முற்றிய நிலையில் நோயாளி தன்னை மறந்து பிதற்றத் தொடங்கினால், "சன்னி கண்டுவிட்டது" என்பர். அருகில் இல்லாதவரோடு பேசுதல், பெற்ற தாயை அறியாதிருத்தல், வெறும் வெளியிலே எதனையோ கையாற் பற்ற முயலுதல், எழுந்தோட எத்தனித்தல் ஆகிய யாவும் அச்சொல்லினுள் அடங்கும். காய்ச்சல் உடம்பைச் சார்ந்தது. பிதற்றல் சித்தத்தைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியமையால், உடம்பின் நோய் சித்தத்தையும் கலக்கவல்லது என்னும் உண்மையை நம்மவர் நெடுங்காலமாகவே உணர்ந்திருந்தனர் எனலாம்.

ஆயினும், காய்ச்சல் தணிந்து பல நாட்களின் பின் சித்தம் கலங்கினாலோ, காய்ச்சல் வந்ததையே ஒருவரும் கவனியாதுவிட்டாலோ, நமது பேச்சு வேறாகிவிடுகின்றது. அப்போது சன்னி என்பதில்லை. பைத்தியம் என்கின்றோம், பேய் என்கின்றோம், செய்வினை என்கின்றோம். முன்னையவனை வைத்தியரிடம் கொண்டுசெல்லும் அதே குடும்பம், பின்னையவனை மந்திரவாதியிடம் கொண்டுசெல்கின்றது. அல்லது அறையிற் பூட்டி வைக்கின்றது. இவ்விருவருக்கும் இடையே நாம் எழுப்பியுள்ள சுவர் உண்மையானதுதானா? இக்கேள்விக்கு விடைதேடி மேனாட்டு வைத்தியர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உழைத்துள்ளனர். அவர்களுள் ஒரு சாரார் பித்தின் மூலமாகிய கிருமியைத் தேடினர். மற்றொரு சாரார் மூலம் எதுவாயினும் ஆகுக என்று, வலிப்பை உண்டாக்கிச் சித்தத்தைத் தெளிவிக்க முயன்றனர். தனித்தனியே சென்ற இவ்விரு பாதைகளும் எவ்வாறு ஒன்றையொன்று சந்தித்தன என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிற் கிருமியைத் தேடிய பாதையிற் செல்வோம். 1822ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்து இளம் வைத்தியராகிய அந்துவான் பேயில் என்பவர், பித்துக்கொண்டு பக்கவாதமும் கண்டு இறந்த நோயாளரின் மூளையுறைகளிலே அழற்சியின் அடையாளங்களைக் கண்டார். பெருஞ்செல்வன் என்றும் பேரரசன் என்றும் தம்மைக் கருதிப் பிதற்றி, நாக்குக் குழறி, கைகால் தளர்ந்து, சில ஆண்டுகளுள் மடிவோர் அக்காலத்து ஐரோப்பிய மனநோய் வைத்தியசாலைகளிலே நிறைந்திருந்தனர். அந்நோய்க்குக் காரணம் மேகநோயே எனப் பலர் ஐயுற்றனர். 1913ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே யப்பானியரான இதெயோ நொகூச்சியும், மூர் என்னும் அமெரிக்கரும் இறந்தவர் மூளையினுள்ளேயே மேகநோய்க் கிருமியைக் கண்டு காட்டினர். ஐயம் தீர்ந்தது. ஒரு கிருமி மனிதனின் அறிவைக் குலைக்க முடியும் என்பது முதன்முதலாக ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

அடுத்த காட்சி 1917ஆம் ஆண்டு, வியன்னா மாநகர். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்நகரத்துப் பல்கலைக்கழக மனநோய் வைத்தியகூடத்தின் தலைவராக இருந்தவர் யூலியஸ் வாக்னர் யவுரெக். மனம் பேதலித்த நோயாளி ஒருவர் இடையிலே கடுங்காய்ச்சல் கண்டு, அது தணிந்ததும் தெளிவடைந்ததை 1883ஆம் ஆண்டளவில் அவர் கண்டிருந்தார். அந்நினைவு அவரை விட்டகலவில்லை. 1917 யூன் மாதத்தில் மலேரியாக் காய்ச்சல் கண்டிருந்த போர்வீரன் ஒருவனின் குருதியை எடுத்து, மேகநோயாற் சித்தம் கெட்ட நோயாளருக்கு ஏற்றினார். காய்ச்சல் பலமுறை ஏறியிறங்க விட்டு, பின்பு கொயினாவினால் அதனைத் தணித்தார். சாவையே எதிர்நோக்கியிருந்தோருட் சிலர் எழுந்து நடமாடினர், தொழிலுக்கும் திரும்பினர். மலேரியாவினாலேயே இறந்தவர்களும் உண்டு. இதற்காக அவருக்கு 1927இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பெனிசிலின் வந்தபின் இம்முறை கைவிடப்பட்டதாயினும், தீராதெனக் கருதப்பட்ட பித்தும் தீரக்கூடும் என்னும் நம்பிக்கையை வைத்திய உலகுக்கு முதலில் ஊட்டியது இதுவே.

அதே வைத்தியகூடத்தில், அதே ஆண்டில், வாக்னர் யவுரெக்கின் கீழ்ப் பணியாற்றியவர் கொன்ஸ்தந்தீன் வொன் எக்கொனொமோ. இவர் கிரேக்கக் குடும்பத்திற் பிறந்தவர். விமானம் செலுத்துவதிலும் வல்லவர். புதியதொரு நோயுடன் வைத்தியகூடத்துக்கு வந்தோரை இவர் கண்டார். சிலர் உண்ணும்போதே உறங்கினர். சிலர் இரவெல்லாம் உறக்கமின்றி வெறிகொண்டலைந்தனர். சிலர் சிலைபோல் விறைத்துக் கிடந்தனர். இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, உறக்கம் மிகுந்தோருக்கு ஓரிடத்திலும் உறக்கம் கெட்டோருக்கு அதனை அடுத்த பிறிதோரிடத்திலும் அழற்சி இருப்பதைக் கண்டார். 1917 மே மாதம் இந்நோயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 'உறக்க மூளையழற்சி' என நாம் கூறக்கூடிய அந்நோய் அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவி, எண்ணற்றோரைக் கொன்றது. உயிர்தப்பியோர் பலரை வாழ்நாள் முழுதும் முடக்கியது. சாதுவான பிள்ளைகள் நோயின் பின் கொடுமைக்காரராக மாறினர் என அக்காலத்து ஏடுகள் கூறுகின்றன.

மறு ஆண்டு, 1918இல், இன்புளுவென்சாக் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தது. அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் அப்போது பணிபுரிந்த காள் மெனிஞ்சர் என்னும் இளம் வைத்தியர், இன்புளுவென்சாவின் பின் சித்தம் கலங்கி வந்த நூறு நோயாளரைப் பற்றி 1919இல் எழுதினார். அவர்களுட் பலரின் நிலை, அக்காலத்தில் தீராநோய் எனக் கருதப்பட்ட மனப்பிளவை நோயை முற்றிலும் ஒத்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து அத்தகையோரை அவர் மீண்டும் தேடிப் பார்த்தபோது வியப்பொன்று காத்திருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் குணமடைந்திருந்தனர். தோற்றத்தில் ஒன்றாகக் காணப்படும் பித்துக்கள் மூலத்தில் வேறுபடலாம், முடிவிலும் வேறுபடலாம் என்பதை அவர் ஆராய்ச்சி உணர்த்தியது.

அப்படியானால் உறக்க மூளையழற்சியும் இன்புளுவென்சாவினால் வந்ததுதானா? அடுத்தடுத்து வந்தமையால் பலரும் அவ்வாறே எண்ணினர். ஆனால், நூற்றாண்டின் இறுதியை அண்டிப் புதிய இரசாயன முறைகளால், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த மூளைத்துண்டுகளைச் சோதித்தபோது இன்புளுவென்சா வைரசின் தடயம் அகப்படவில்லை. அடுத்தடுத்து நிகழ்ந்தமை ஒன்றே காரணகாரியத் தொடர்பாகிவிடாது. வரலாறு நமக்குக் கற்பிக்கும் இந்த நிதானத்தை நாம் மறந்துவிடலாகாது.

இனி மற்றைய பாதைக்கு வருவோம்.

அங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ற் நகரிலே லாடிஸ்லாஸ் மெதூனா என்னும் மூளை ஆராய்ச்சியாளர் இருந்தார். காக்கைவலிப்பு உடையோரின் மூளையில் நரம்புகளைத் தாங்கும் இழையங்கள் மிகுந்தும், மனப்பிளவை நோயுடையோரின் மூளையில் அவை குறைந்தும் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஆகவே இவ்விரு நோய்களும் ஒன்றுக்கொன்று பகை எனக் கருதினார். ஒன்றை உண்டாக்கினால் மற்றையது ஓடிவிடும் என்பது அவர் துணிபு. 1934ஆம் ஆண்டில், நான்கு ஆண்டுகளாகப் பேச்சின்றி, அசைவின்றி, குழாய் வழியாக உணவூட்டப்பட்டுக் கிடந்த ஒருவருக்குக் கர்ப்பூர எண்ணெயை ஊசிமூலம் ஏற்றி வலிப்பை உண்டாக்கினார். நோயாளி துடிப்பதைக் கண்டு அச்சத்தால் தமது உடல் நடுங்கியதாகவும், தம்மைத் தாங்கியே அறைக்கு அழைத்துச் சென்றனர் என்றும் அவரே பின்னர் கூறினார். சில முறை இவ்வாறு செய்தபின் அந்நோயாளி படுக்கையை விட்டெழுந்து பேசினார். கர்ப்பூரத்துக்குப் பதிலாக, விரைவில் வேலைசெய்யும் கார்டியசோல் என்னும் மருந்தை மெதூனா பின்பு கையாண்டார்.

மெதூனாவின் கொள்கை பிழையானது. காக்கைவலிப்பும் மனப்பிளவை நோயும் ஒன்றுக்கொன்று பகையல்ல; இரண்டும் ஒருவரிடமே இருத்தலுங் கூடும். அவருடைய முதல் நோயாளியின் சுகமும் நிலைக்கவில்லை என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் வைத்தியசாலை ஏடுகளிலிருந்து கண்டறிந்துள்ளனர். எனினும், விறைத்துக் கிடந்தோர் பலர் வலிப்பின் பின் எழுந்து பேசினர் என்பது பொய்யன்று. பிழையான கொள்கையொன்று பயனுள்ள சிகிச்சையொன்றுக்கு வழிகாட்டியது. வைத்திய வரலாற்றில் இது புதுமையன்று.

கார்டியசோலிற் பெருங்குறை ஒன்றிருந்தது. ஊசி ஏற்றியதற்கும் வலிப்பு வருவதற்கும் இடையிலுள்ள சில கணங்களில் நோயாளியை விவரிக்கவொண்ணாத மரணபயம் பற்றிக்கொண்டது. ஒருமுறை அதனை அனுபவித்தோர் இரண்டாம் முறை ஊசியைக் கண்டதும் ஓடி ஒளிந்தனர். இத்தாலியின் தலைநகராகிய உரோமாபுரியிலே மனநோய்ப் பேராசிரியராயிருந்த உகோ செர்லெற்றி, மருந்துக்குப் பதிலாக மின்சாரத்தைப் பயன்படுத்தலாமோ என ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் முதலில் நாய்களுக்கு வாயிலும் பின்புறத்திலும் மின்வாய்களை வைத்தமையால் மின்சாரம் இருதயத்தின் ஊடாகப் பாய்ந்து பல நாய்கள் இறந்தன. அவருடைய உதவியாளராகிய லூசியோ பீனி, மின்வாய்களைத் தலையின் இரு பக்கங்களிலும் வைப்பதே தக்கது எனக் கண்டார். உரோமாபுரிக் கொல்களத்தில் பன்றிகளை மின்சாரத்தாற் கொல்கின்றார்கள் எனக் கேள்வியுற்றுச் செர்லெற்றி அங்கே சென்றார். பன்றிகள் மின்சாரத்தினாற் சாகவில்லை. தலையிற் பாய்ந்த மின்சாரத்தால் வலிப்புக்கண்டு உணர்விழந்து வீழ்ந்தவற்றையே கத்தியால் அறுத்தனர். அறுக்காமல் விடப்பட்டவை சற்று நேரத்தில் எழுந்து நடந்தன. உயிருக்கு ஊறின்றி வலிப்பை உண்டாக்கலாம் என்னும் துணிவு அவருக்கு அக்கொல்களத்திலேதான் பிறந்தது.

1938 ஏப்பிரில் மாதம். உரோமாபுரிப் புகையிரத நிலையத்தில், பொருளற்ற சொற்களைப் பிதற்றிக்கொண்டு அலைந்த ஒருவரைப் பொலிசார் பிடித்து வைத்தியகூடத்துக்கு அனுப்பினர். அவர் மிலான் நகரத்தைச் சேர்ந்தவர். முதல் முறை 80 வோல்ற்று மின்சாரம் செலுத்தப்பட்டது; வலிப்பு வரவில்லை. சூழநின்ற உதவியாளர் பலர் இதனோடு நிறுத்திவிடலாம் என்றனர். நோயாளியும் தமக்கு இது மீண்டும் வேண்டாம் என்னும் பொருள்படப் பேசினார். அவர் பேசிய மொழி அதுவரை எவருக்கும் விளங்கவில்லை. அன்று பேசியதுதான் முதன்முதலாக விளங்கிற்று. ஆனாற் செர்லெற்றி நிறுத்தவில்லை. மின்சாரத்தின் அளவு கூட்டப்பட்டது, வலிப்பு வந்தது, மூச்சுச் சற்று நின்று மீண்டது, நோயாளி அமைதியாக எழுந்தமர்ந்தார். பதினொரு முறை சிகிச்சை பெற்றுத் தெளிவுடன் அவர் வீடு திரும்பினார். இவரையும் நோய் பின்னர் மீண்டும் பற்றியது.

நேயர்களே, இக்காட்சியிற் சற்றுத் தரித்து நிற்போம். நோயாளி முதன்முறையாக விளங்கப் பேசிய சொல் 'வேண்டாம்' என்பது. அச்சொல்லை மீறியே இச்சிகிச்சை பிறந்தது. அவரது உடன்பாட்டை எவரும் கேட்கவில்லை. இச்சிகிச்சையின் நன்மையையும் தீமையையும் எடைபோடும் எவரும் அதன் பிறப்பிலேயே அமைந்துள்ள இந்தக் குறையைக் கருதாமற் செல்லுதல் நேர்மையன்று.

இவ்விரு பாதைகளும் முதன்முதலிற் சந்தித்த இடம் எது? விறைநிலை எனத் தமிழிற் கூறத்தக்க 'கற்றற்றோனியா' என்னும் நிலையே அவ்விடம். யேர்மனியைச் சேர்ந்த கால்பாம் என்பவர் 1874இல் இதனை ஒரு தனிநூலாக விவரித்தார். நோயாளி பேசமாட்டார், உண்ணமாட்டார், தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருப்பார். சில வேளைகளில் இதற்கு மாறாக, காரணமின்றிப் பேராவேசங்கொள்வார். இதன் மிகக் கொடிய வகையை 1934இல் ஸ்ரவுடர் என்னும் யேர்மானிய வைத்தியர் 'கொல்லும் கற்றற்றோனியா' எனப் பெயரிட்டு விவரித்தார். நல்ல சுகத்தோடிருந்த இளம்பருவத்தினர் திடீரென ஆவேசங்கொண்டு, கடுங்காய்ச்சலும் வியர்வையும் கண்டு, பின் உணர்விழந்து, சில நாட்களுள் இறந்தனர். அறுத்துப் பார்த்தபோது சாவுக்குப் போதிய காரணம் எதுவும் தென்படவில்லை.

இத்தகையோருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை உயிர்கொடுத்தது. ஆர்னோல்ட், ஸ்ரெப்பான் என்னும் இரு வைத்தியர்கள் 1952இல் தம் அனுபவத்தை வெளியிட்டனர். நோய் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் இச்சிகிச்சை பெற்ற 19 பேரில் 16 பேர் பிழைத்தனர். ஐந்து நாட்கள் கடந்தபின் சிகிச்சை தொடங்கப்பெற்றோருக்கு அது பெரும்பாலும் பயன்படவில்லை. இங்கே காலமே உயிர். தாமதித்தல் கொல்லுதலுக்குச் சமம்.

ஆயினும் சிந்திப்போருக்கு ஓர் ஐயம் எழாமலிராது. காய்ச்சலோடு வந்த அப்பித்துக்களுள் எத்தனை, உண்மையில் மூளையைத் தாக்கிய வைரசின் விளைவுகளோ? அக்காலத்தில் அதனை உயிரோடிருப்பவரில் அறிதற்குத் தக்க வழியில்லை. வலிப்பினால் ஆவேசம் அடங்கலாம், விறைப்புத் தளரலாம், ஆனால் உள்ளேயிருக்கும் வைரஸ் அதனாற் சாகாது. சாதாரண முகக்கொப்புளங்களை உண்டாக்கும் ஹேர்பிஸ் வைரசே சில வேளைகளில் மூளையைத் தாக்குகின்றது. அது முதலிற் கெடுப்பது பெரும்பாலும் நினைவையும் நடத்தையையும் ஆளும் பகுதிகளை. சிகிச்சையின்றி விடப்பட்டாற் பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் இறப்பர். 1980களில் அசைக்குளோவிர் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயனுள்ளதென நிறுவப்பட்டது. அதன்பின், காய்ச்சலோடு வந்த பித்தை வெறும் மனநோய் எனக் கொண்டு மின்னதிர்ச்சி ஒன்றையே கொடுத்தல் மன்னிக்கமுடியாத பிழையாயிற்று.

நமது நாட்டுக்கும் இப்பாடம் புறம்பானதன்று. 1985ஆம் ஆண்டு தொடங்கி அனுராதபுரப் பகுதியிற் பரவிய யப்பானிய மூளைக்காய்ச்சல் பலரின் உயிரைக் கொண்டது. அந்நோயிலிருந்து பிழைத்தோர் அனைவரும் முழுமையாக மீள்வதில்லை. சிலரின் நடத்தையும் அறிவும் நெடுங்காலம் மாறியே இருக்கும் என்பது அந்நோயை அறிந்த நாடுகள் யாவற்றினதும் அனுபவம். நுளம்பு கொண்டுவந்த ஒரு வைரசும் சித்தத்திற் கைவைக்க வல்லது.

இதற்கிடையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சையின் பெயர் உலகெங்கும் கெட்டுவிட்டது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. தொடக்கத்தில் மயக்கமருந்தின்றியே இது கொடுக்கப்பட்டது. வலிப்பின் வேகத்தால் முதுகெலும்புகள் முறிந்தன. நோயாளர் மிகுந்து பணியாளர் குறைந்த பெரிய வைத்தியசாலைகளில், அடங்காதோரை அடக்கும் தண்டனையாகவும் இது கையாளப்பட்டது. 1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளருக்குப் பயன்படுவது தெரியவந்தபின், பல நாடுகளில் மின்சாரப் பெட்டி மூலையில் ஒதுங்கிற்று. கென் கீசி 1962இல் எழுதிய நாவலும், அதனைக் கொண்டு 1975இல் வெளிவந்த திரைப்படமும் பொதுமக்கள் மனத்தில் இச்சிகிச்சையை ஒரு சித்திரவதையாகவே பதித்துவிட்டன.

ஆனாற் சிகிச்சையும் அன்றிருந்தபடியே இருந்துவிடவில்லை. 1940இல் பெனெற் என்னும் அமெரிக்க வைத்தியர் தசைகளைத் தளர்த்தும் மருந்தை இதற்குப் பயன்படுத்தினார். 1950களின் தொடக்கத்தில் அதனினும் பாதுகாப்பான மருந்து வந்தது. இன்று முறைப்படி இதனைப் பெறுபவர் மயக்கமருந்தினால் உறங்குகின்றார், தசைகள் தளர்ந்திருத்தலால் உடல் துடிப்பதில்லை, பிராணவாயு கொடுக்கப்படுகின்றது, மின்சாரமும் மிகக் குறுகிய துடிப்புக்களாகவே செலுத்தப்படுகின்றது. இதனால் நேரும் மரணம் ஓர் இலட்சம் சிகிச்சைக்கு ஏறக்குறைய இரண்டே. சிகிச்சைக் காலத்தை அண்டிய நினைவுகள் சில மறைதல் இன்றும் உண்மையான குறையாகும். சிலருக்கு அக்குறை நீடிப்பதும் உண்டு. மயக்கமருந்தின்றி இதனைக் கொடுப்பதை இந்தியா 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தினால் தடைசெய்துள்ளது. உரோமாபுரியில் மீறப்பட்ட அந்த 'வேண்டாம்' என்னும் சொல்லுக்கு உலகம் பிந்தியேனும் செவிசாய்க்கத் தொடங்கியது எனலாம்.

இனி, இவ்விரு பாதைகளும் முற்றாக ஒன்றுகூடிய காலத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டில், அமெரிக்காவிற் பணியாற்றிய யோசெப் தல்மாவு என்னும் ஸ்பானிய வைத்தியரும் அவர்தம் குழுவினரும் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதினர். அவர்கள் திடீரெனச் சித்தம் கலங்கி, வலிப்புக்கண்டு, பலர் விறைநிலையும் அடைந்தவர்கள். அவர்களின் குருதியிலும் முள்ளந்தண்டு நீரிலும், மூளை நரம்புகளின் வாயில் ஒன்றைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. அந்நியக் கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படை, சொந்த மூளையையே பகைவன் என மயங்கித் தாக்கியது. இப்பன்னிருவரில் அதற்குத் தூண்டுதலாயிருந்தது பெரும்பாலும் சூலகத்திலுண்டான கட்டி. மறு ஆண்டு நூறு நோயாளரைப் பற்றி வெளிவந்த அறிக்கையின்படி, அவர்களுள் 77 பேர் மனநோயின் குறிகளோடேயே முதலில் வைத்தியரை நாடினர். தலைவலியும் காய்ச்சலும் பலருக்கு முன்னோடியாக வந்திருந்தன. தக்க சிகிச்சை பெற்று அந்நூறு பேரில் முக்காற்பங்கினர் முற்றாகவோ சிறுகுறையுடனோ மீண்டனர்.

அதனினும் வியப்பானது அடுத்த கண்டுபிடிப்பு. ஹேர்பிஸ் வைரசினால் மூளையழற்சி கண்டு, அசைக்குளோவிர் பெற்றுத் தேறியவர்களிற் சிலர், சில வாரங்கள் கழித்து மீண்டும் சித்தம் கலங்கினர். வைரஸ் திரும்பிவிட்டதென வைத்தியர் முன்பு எண்ணினர். தேடிப் பார்த்தால் வைரசைக் காணவில்லை; இருந்தவை அதே பிறபொருளெதிரிகள். 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், ஹேர்பிஸ் மூளையழற்சி கண்ட 51 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது 14 பேருக்கு இவ்வாறு நிகழ்ந்தது. வைரஸ் போய்விட்டது; அது மூட்டிவிட்ட பகை போகவில்லை. காய்ச்சல் தணிந்து பல நாட்களின் பின் வந்த பித்தை நாம் ஏன் பேய் என்றோம் என்பது இப்போது விளங்குகின்றதன்றோ? இடையிலிருந்த கண்ணி நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. அதுவே காரணம்.

இத்தகைய நோயாளரில் மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு இடமுண்டா? உண்டு, ஆனால் அதற்குரிய இடம் எதுவென அறிந்து வைக்கவேண்டும். விறைநிலைக்கு முதலிற் கொடுக்கப்படுவது லொராசிப்பாம் என்னும் மருந்து. அது பலிக்காதபோது, நோயாளி உண்ணாமலும் அசையாமலும் சாவை நோக்கிச் செல்லும்போது, மின்னதிர்ச்சி அவரை மீட்டெடுத்த சந்தர்ப்பங்கள் வைத்திய ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. 2020இல் தொடங்கிய கொவிட் கொள்ளைநோயின் போதும், அத்தொற்றின் பின் சித்தம் கலங்கி விறைநிலை அடைந்த சிலருக்கு இச்சிகிச்சை பயனளித்ததாக வைத்தியர்கள் எழுதியுள்ளனர். ஆனால் அது வைரசைக் கொல்வதுமில்லை, பிறபொருளெதிரிகளை அகற்றுவதுமில்லை. அவற்றுக்குரிய மருந்துகள் வேறு. எரியும் வீட்டிலிருந்து மனிதனை வெளியே இழுத்து வருவது மின்னதிர்ச்சி. நெருப்பை அணைப்பது மற்றைய மருந்து. இழுத்து வந்தோம் என்று நெருப்பை மறப்பதும் பிழை. நெருப்பை அணைத்தபின் இழுப்போம் என்று காத்திருப்பதும் பிழை.

ஒரு வலிப்பு எவ்வாறு கலங்கிய சித்தத்தைத் தெளிவிக்கின்றது என்பது முற்றாக விளங்கிவிடவில்லை. மெதூனா தந்த விளக்கம் பிழைத்தது. செர்லெற்றியும், மின்னதிர்ச்சியுற்ற பன்றியின் மூளையிலே சுகம் தரும் சத்தொன்று உண்டாகின்றதென நம்பி, தமது முதுமைக்காலத்தை அதன் ஆராய்ச்சியிற் செலவிட்டார், அதுவும் பலிக்கவில்லை. ஆயினும் காரணம் தெரியாமையால் ஒரு மருந்தைத் தள்ளுவதாயின், கொயினாவையும் நம் மூதாதையர் தள்ளியிருக்க வேண்டும். காரணத்தைத் தேடுதல் அறிவின் கடமை. உயிரைக் காத்தல் அறத்தின் கடமை. இவ்விரண்டில் ஒன்றுக்காக மற்றையதைக் கைவிடுதல் ஆகாது.

இவ்வரலாற்றைக் கேட்ட நேயர்கள் தம் இல்லங்களுக்குக் கொண்டுசெல்லத்தக்கது ஒன்றுண்டு. அதுவரை நல்ல சுகத்தோடிருந்த மகனோ மகளோ சில நாட்களுள் திடீரெனச் சித்தம் கலங்கினால், அதற்கு முன் காய்ச்சல், தலைவலி, வலிப்பு, உறக்கக் கேடு ஆகியவற்றுள் எதுவும் இருந்ததா என நினைவுபடுத்தி வைத்தியரிடம் தாமாகவே கூறுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். முள்ளந்தண்டு நீரையும் மூளையின் மின்னலைப் பதிவையும் சோதிக்கவேண்டும் என அவர் கூறினால் அஞ்சாதீர்கள். மின்னதிர்ச்சிச் சிகிச்சை வேண்டும் என்றால், மயக்கமருந்தோடு கொடுக்கப்படுமா, எத்தனை முறை, நினைவுக்கு என்ன நேரும் என்பனவற்றை அச்சமின்றிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்வது அவர் கடமை. தேறிவிட்டார் எனக் கருதிய ஒருவர் சில வாரங்களின் பின் மீண்டும் மாறினால், விதியென்று இருந்துவிடாமல் மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள்.

பிறந்தநாள் முதல் நாம் கண்ணெனக் காத்த ஒருவர் நம்மை அறியாது விழிக்கும்போது, அவரை நாம் இழந்துவிட்டோம் என மனம் துணுக்குறுகின்றது. ஆயின், பொஸ்ரன் நகரில் மெனிஞ்சர் தேடிச் சென்ற நோயாளரிற் பெரும்பாலோர், தீராநோயாளர் என எழுதப்பட்ட பின்னரே தம் இல்லங்களிற் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது. சன்னி என்னும் பழஞ்சொல், சித்தம் கலங்கியவனும் காய்ச்சல் கண்டவனைப் போன்ற ஒரு நோயாளியே என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனை முழுமையாகக் கேட்க நமக்கு இத்தனை காலம் சென்றது.